நல்ல காலோடு நொண்டிய நாட்கள்

என் வலது கணுக்காலில் அந்த நாட்களில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அதில் க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நொண்டியிருக்கிறேன். வீட்டு வாசலில் நொண்டினேன், கேம்ப் ரோட்டில் காய் வாங்கப் போகும்போது நொண்டினேன், திருநீர்மலைப் படியிலும் நொண்டினேன். நன்றாகவே நொண்டினேன். ஒருநாள் மட்டும் ஞாபகம் பிசகி இடது காலை இழுத்து நடந்தபோது, எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "வலி இந்தக் காலுக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டார். "ஆமாக்கா, வெயிட்டெல்லாம் இதுலயே போட்டு நடந்ததுல இதுவும் போயிடுச்சு" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. பொய் சொல்வதில் எனக்கு இருந்த திறமைக்குத்தான் யாரும் பதக்கம் கொடுக்கவில்லை.

நான் மும்முறை தாண்டும் வீராங்கனை. ட்ரிப்பிள் ஜம்ப் என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். அப்படிச் சொன்னாலும் பாதிப் பேர் ஹை ஜம்ப் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஓடிவந்து பலகையை மிதித்து அதே காலில் ஒரு தாவல், அடுத்த காலுக்கு ஓர் எட்டு, கடைசியில் மணலுக்குள் ஒரு பாய்ச்சல். ஆறு வருடம் மாநிலத்தில் என்னை யாரும் தோற்கடிக்கவில்லை. தேசிய அளவில் இரண்டு வெள்ளி. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமையை மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லத்தான்.

சேலையூரில் எங்களுடையது பழைய குடும்பம். நெல் விளைந்த நிலம் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, அப்பாவும் அண்ணனும் வாடகை வாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாத மனிதர்கள் ஆனார்கள். வேலை இல்லாத அண்ணனுக்கு நான் வேலையாக வாய்த்தேன். அந்த வருடத் தேசியப் போட்டிக்கு நான் ரயில் ஏறுவதற்கு முன்பே பேனர் அடித்துவிட்டான். மண்ணின் மகளே, தங்கமே என்று என்னென்னவோ. என் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு. அவன் படம் நடுவில், கூலிங் கிளாஸோடு, மணலில் பாய்ந்ததே அவன்தான் என்பது போல.

போட்டி வடக்கே ஓர் ஊரில். பிற்பகல் வெயில். ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் ஒரு நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வரும். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். என் குறியில் போய் நின்றேன். அப்படியே நின்றேன்.

பயமா என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். பயமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்; பயத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. இது வேறு. குனிந்து என் கால்களைப் பார்த்தேன். யாரோ வாசலில் கழற்றிவிட்டுப் போன செருப்புகளைப் பார்ப்பது போல இருந்தது. ஓடு என்று அவற்றிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. கடிகாரம் தீர்ந்தது. சிவப்புக் கொடி. இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை, பக்கத்தில் நின்ற ஒரு தொண்டர் எனக்கு இந்தி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு விரலால் ஓடுவது போலக் கையை ஆட்டிக் காட்டினார். அந்த மைதானத்தில் எனக்கு உதவ முயன்ற ஒரே மனிதர் அவர்தான். மூன்றாவது கொடியும் எழுந்தது. என் பெயருக்கு நேரே ஒரு தூரமும் இல்லை.

கோச் சார் தடுப்புக்கு அந்தப் பக்கமே என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வலது கால நீட்டு."

"கால்ல ஒண்ணுமில்ல சார்."

"தெரியும். நீட்டு."

பையிலிருந்து பேண்டேஜை எடுத்து, நான்கு பேர் பார்க்கும்படி நிதானமாகச் சுற்றினார். "வார்ம்-அப்ல மடங்கிடுச்சு. யார் கேட்டாலும் இதான். புரியுதா?"

"எனக்கு என்னமோ ஆவுது சார். ரெண்டு மாசமா எதுவும்..."

"ஒண்ணும் ஆவல. கணுக்காலுன்னா ஆறு வாரத்துல திரும்பி வந்துடலாம். நீ சொல்ல வர்றத சொன்னா திரும்பியே வர முடியாது. எந்த கேம்ப்லயும் சேத்துக்க மாட்டான்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. முட்டாள் சொன்ன பொய்யாக இருந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். விவரம் தெரிந்தவர் சொன்ன பொய் என்பதால் சுமந்துகொண்டு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் எழவில்லை. மத்தியானம் வரை சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பல் தேய்ப்பது ஒரு பெரிய காரியமாக இருந்தது. முன்பெல்லாம் இருபது கிலோ தட்டுகளைப் பாரில் மாட்டி ஸ்குவாட் போட்டவளுக்கு பிரஷ் கனத்தது. அண்ணனுக்கு அது ஓய்வு. அப்பாவுக்கு அது திமிர். பார்க்க வந்தவர்களுக்கு அது கணுக்கால். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, என் காலைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் பத்துப் போடச் சொன்னார், ஒருவர் தனக்குத் தெரிந்த கட்டுப்போடும் ஆளை நேராக வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் என் கணுக்காலை அமுக்கிப் பார்த்து, உள்ளே எலும்பு விலகியிருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். இல்லாத காயத்தை இத்தனை பேர் இத்தனை அக்கறையோடு கவனித்தார்கள். என் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ஒருத்திதான் கணுக்காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. பேண்டேஜைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைப்பாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு அத்தை, அப்பாவின் அக்கா, திருநீர்மலைக்கு வேண்டிக்கொண்டாள். என்னை நடத்தியே மேலே கூட்டிப் போவதாக ரங்கநாதரிடம் சொல்லிவிட்டாளாம். அந்தப் படிகள் எனக்குப் புதிதல்ல. சீசன் இல்லாத மாதங்களில் விடியும்போது போய், ஒற்றைக் காலில் தாவித் தாவி ஏறி இறங்குவது எங்கள் பயிற்சி. இப்போது அதே படியில் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்து ஏறினேன். பாதியில் அத்தை மூச்சு வாங்கிப் பின்தங்கினாள். அவளைத் தாங்கிப் பிடிப்பதற்காக இரண்டு படி சட்டென்று இறங்கினேன். பின்னால் வந்த அண்ணன் காதோரம் குனிந்து, "நொண்டிகினே எறங்குடி, நாலு பேரு பாத்துகினு கீறாங்க" என்றான்.

அவனுக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோச் அவனிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளாக அவனும் வருகிறவர்களுக்கெல்லாம் எக்ஸ்-ரே கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். சன்னதியில் அவன்தான் எல்லோரையும்விட அதிக நேரம் கண்ணை மூடி நின்றான்.

மறுநாள் காலை நானே கிளம்பித் தாம்பரத்துக்குப் போனேன். ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் மனநல மருத்துவர் ஒருவர் இருப்பதாகப் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொள்வார் என்று நினைத்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். அவருக்கு என்னைச் சுத்தமாகத் தெரியவில்லை.

"என்ன பண்றீங்க?"

"அத்லெட் மேடம். ட்ரிப்பிள் ஜம்ப்."

"அப்படின்னா?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். "கால்ல என்ன கட்டு?"

"ஒண்ணுமில்ல மேடம். பொய்."

"அப்ப அவுத்துடுங்க. இந்த வெயில்ல அரிக்குமே."

அவர் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்தேன். உள்ளே தோல் வெளுத்து, வேர்க்குரு போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தவள் நிறுத்த வெகுநேரமானது. அவர் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "டோப் டெஸ்ட்ல மாட்டுமா மேடம்?" என்று கேட்டேன். அந்த மாதிரி மாத்திரை போட்டால் மாட்டிக்கொள்வாய் என்று கோச் ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார். மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் எதிரிலேயே தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். "இது அதுல இல்ல. உங்க கோச் டாக்டரா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

குணமாவது பேனரில் போடுகிற மாதிரி நடக்கிற விஷயமில்லை. முதல் மாதம் தூக்கமாக வந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் தானாகவே பசித்தது. எட்டாவது மாதம் மைதானத்துக்குப் போனேன். அடுத்த வருடம் தேசியப் போட்டியில் வெண்கலம். அண்ணன் உடனே, காயத்தை வென்ற வீராங்கனை என்று பேனர் வைத்தான். இந்த முறை கூலிங் கிளாஸ் புதிது.

அந்த வெண்கலத்தை வைத்துத்தான் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. மனநல வாரமாம். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். ஏற்பாடு செய்த பேராசிரியர் காரிலிருந்து என்னை இறக்கும்போதே சொல்லிவிட்டார்.

"மேடம், டிப்ரஷன் அது இதுன்னு ரொம்ப டீப்பா போகாம, பாசிட்டிவா பேசுங்க. ஸ்டூடன்ட்ஸுக்கு மோட்டிவேஷனா இருக்கணும்."

"மனநல வாரம்தானே சார்?"

"ஆமா மேடம், அதான்."

நானும் கணுக்கால் கதையைத்தான் பேசப் போயிருந்தேன். அதை மறைத்து நல்லவள் வேஷம் போட விருப்பமில்லை. மனப்பாடமாக வைத்திருந்தேன்: விழுந்தேன், வலித்தது, எழுந்தேன். எனக்கு முன்னால் கல்லூரித் தாளாளர் பேசினார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மார்க் கொறஞ்சா டிப்ரஷன், காலைல காபி லேட்டானா டிப்ரஷன். இந்த மேடமைப் பாருங்க. காலே ஒடிஞ்சு போச்சு. டிப்ரஷன்னு படுத்தாங்களா?"

என் காலை அவர் மேடையிலேயே ஒடித்துவிட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டாமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் பேசினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில், அந்த ஆள் மேல் வந்த வெறுப்பில்தான் பேசினேன்.

"என் கால் ஒடியல" என்றேன். "மடங்கக்கூட இல்ல. சார் சொன்னாரே, டிப்ரஷன்னு படுத்தாங்களான்னு, அப்படித்தான் படுத்தேன். மாசக்கணக்குல படுத்தேன். இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன். காலுன்னு சொன்னா ஆப்பிள் வாங்கிட்டு வருவீங்க, மனசுன்னு சொன்னா கதவைச் சாத்திட்டுப் போயிடுவீங்கன்னு பயந்து பொய் சொன்னேன்." இன்னும் ஏதேதோ சொன்னேன். தாளாளர் சிரித்த முகத்தை மாற்றாமலே எனக்குச் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ வந்துவிட்டது. கூடத்தில் அண்ணன் போனைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னாடி பேசி வச்சிக்கீற? ஊரே பாத்துகினு கீது."

"நடந்ததச் சொன்னேண்ணா."

"வூட்டுக்குள்ள சொல்லு. மைக்குல எதுக்குச் சொல்ற?"

"வூட்டுக்குள்ள படுத்துகினு கெடந்தப்ப யாரு கேட்டீங்க?"

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அந்த வாரமே, எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். மூன்று ஜோசியர்கள் பார்த்து ஒத்துவந்த ஜாதகம். அந்த மாப்பிள்ளை என்னோடு பேசிய ஒரே முறை, கல்யாணத்துக்கு அப்புறம் ஷார்ட்ஸ் போட்டு ஓடுவியா என்று கேட்டவன். என் நோய் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

கோச் சார் வேறு மாதிரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான்கு நாள் பார்த்தார். பிறகு ஒரு யூட்யூப் சேனலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொண்ணு மனசளவுல கஷ்டப்படுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான்" என்றார். ஒருவிதத்தில் உண்மைதான். அதனால்தானே பேண்டேஜைத் தயாராக வைத்திருந்தார்.

பாராட்டுகளும் குவிந்தன. தைரியசாலி, முன்னோடி, கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு எண்ணெய் சொன்னவர்களும் பத்துப் போடச் சொன்னவர்களும் இப்போது மனநலம் பற்றி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு, நான் ஒருத்திதான் யோக்கியம் என்ற நினைப்பில் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. "நல்லா பேசின. பாத்ரூம் குழாய் கதையையும் சேத்து சொல்லியிருக்கலாம்."

யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் ஜூனியர் கேம்ப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். ஈட்டி எறிபவள். முடிச்சூர்ப் பக்கம் வீடு. அப்பா பெயின்ட் வேலை. விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை, அதுதான் அந்தக் குடும்பத்தின் திட்டம். காலையில் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்துக்கொண்டு. கேட்டது. தொட்டித் தண்ணீர் தீர்ந்து எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போகும். நான்தான் கேம்ப் கோச்சிடம் போய்ச் சொன்னேன். "சார், அவ மெண்டல் சார். தெனமும் டிராமா பண்றா." அதோடு விடவில்லை. மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கரண்டியைக் குழாயாகப் பிடித்துக்கொண்டு அவளைப் போலவே அழுது காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் நான் அவளை நினைத்ததே இல்லை. படுத்த படுக்கையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில்கூட ஒருமுறை நினைக்கவில்லை.

அவள் இப்போது அகரம்தென் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். விசாரித்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனேன். மைதானத்தில் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருக்க, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். தோள் மட்டும் அதே தோள்.

"வீடியோ எடுக்க யாரையும் கூட்டினு வரலியா?" என்றாள்.

"சாரி கேக்க வந்தேன்டி. அன்னிக்கு கோச்கிட்ட நான்தான்..."

"தெரியும். உன் ரூம்மேட்டே சொல்றா நீ மெண்டலுன்னு, அப்படின்னு சொல்லித்தானே அனுப்புனாரு."

"எனக்கு அப்ப இதெல்லாம் என்னன்னு தெரியல."

"தெரியலன்னா சும்மா இருந்திருக்கலாம். நீ அழுது காட்டின. மெஸ்ஸுல. நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன்."

அவள் ஒரு பிள்ளையைப் பார்த்து, கோட்டைத் தாண்டாதே என்று விசில் ஊதிவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"இப்ப கேக்குற. ஒண்ணும் ஆவல, அதான் விஷயம். யாரும் அடிக்கல, திட்டல. ஒண்ணுமே ஆவாம அழுகை வந்துச்சு. அத யாராண்ட போயி சொல்றது?"

"இப்பவும் வருதா?"

"வரும். ஆனா எனக்கு மைக்கு கிடையாது. உங்கிட்ட மெடல் கீது, நீ சொன்னா தைரியம்ன்றான். நான் சொன்னா நாளைக்கே வேற டீச்சரப் போட்டுடுவான்."

"நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

"அடுத்த வாட்டி மைக்கு புடிச்சா இதையும் சொல்லு. எம்பேரச் சொல்லாத. நீ பண்ணதச் சொல்லு." மணி அடித்தது. மன்னித்தேன் என்று சொல்லாமலே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டாள். நான் வாசலை நோக்கி நடந்தேன். ஒரு பிள்ளை என்னை அடையாளம் கண்டு கையெழுத்துக் கேட்டது. போடப் பிடிக்கவில்லை; போட்டேன்.

அடுத்த மைக் சீக்கிரமே வந்தது. தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் மகளிர் விழா. அங்கே கணுக்கால் கதையோடு குழாய்க் கதையையும் சொன்னேன். கரண்டியைப் பிடித்து அழுது காட்டியதை, எல்லோரும் சிரித்ததை, எனக்கு அது சந்தோஷமாக இருந்ததை, எதையும் குறைக்காமல். கோச்சையும் தாளாளரையும் அண்ணனையும் கேவலமாகப் பேசும்போது இருந்த சுகம் இதில் இல்லை. கூட்டம் முகத்தைச் சுளித்தது. சுளிக்க வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து விழாக் குழுவினர் வீடியோ வெளியிட்டார்கள். கணுக்கால் இருந்தது, மாத்திரை இருந்தது, இசை சேர்த்திருந்தார்கள். குழாய் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தப் பார்ட் உங்க இமேஜுக்கு நல்லா இல்ல மேடம். நீங்க இன்ஸ்பிரேஷன் இல்லையா" என்றார் ஒருவர், எனக்கு நல்லது செய்கிற குரலில். கஷ்டப்பட்டவள் என்றால் போதும், கஷ்டப்படுத்தியவள் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள்.

ஈட்டிக்காரியிடம் போனில் சொன்னேன். "சொன்னியா இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன், வெட்டிவிட்டார்கள் என்றேன். "வெட்ட முடியாத எடத்துல எழுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த சீசனில் நான்காவது இடம். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார் மருத்துவர். இன்னமும் அவருக்கு ட்ரிப்பிள் ஜம்ப் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. கோச்சை மாற்றிவிட்டேன். அண்ணன் மட்டும் புதிதாக வருகிறவர்களிடம் இன்றைக்கும் என் கணுக்கால் சிகிச்சையைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன வாரம் குடிவந்த வாடகைக்காரரிடம் அவன் அதைச் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். "காலுக்கு ஒண்ணும் இல்ல சார், டிப்ரஷன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்டார்.